சில்லு வைத்த பல்லக்கு

என்னை வேலையை விட்டுத் துரத்தியது ஒரு பல்லக்கு. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். வேறொருவனுக்கு நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அப்போது டென்மார்க்கில், சில்க்போர்க்கில் ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கண்ணாடி பூட்டிய சட்டங்களைத் தூக்கி வண்டியில் அடுக்குகிற பகுதி. அதற்கு முந்தைய வேலை கிரின்ஸ்டெட்டில். அங்கே மேற்பார்வையாளனோடு வாய்த்தர்க்கப்பட்டு, உன் வேலையை நீயே வைத்துக்கொள் என்று இலக்கணப் பிழையில்லாத டெனிஷில் சொல்லிவிட்டு வந்தவன் நான். என் வாய்க்கு என் மனைவி வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. அப்படி நானாக விட்டுவிட்டு வந்ததற்கு ஆ-காஸ எனக்கு மூன்று கிழமை தண்டனை போட்டது. ஆ-காஸ என்பது நாங்கள் மாதாமாதம் சந்தா கட்டுகிற வேலையின்மைக் காப்பு நிதி. வேலை போனால் படி தரும். ஆனால் வேலை போனது உன் குற்றத்தால் என்று அவர்கள் முடிவு செய்தால் முதல் மூன்று கிழமைக்கு, அந்த இருபத்தொரு நாளும், ஒன்றும் இல்லை. ஒரு வருடத்துக்குள் இரண்டாம் முறையும் உன் குற்றம்தான் என்றால் படியே இல்லை. மறுபடி எங்கேயாவது உழைத்துக் காட்டினால்தான் கதவு திறக்கும். முதல் முறை நான் இதையெல்லாம் பெரிதாக எடுக்கவில்லை. உடனே சில்க்போர்க்கில் வேலை கிடைத்துவிட்டது.

அங்கே ஏழெட்டு மாதம் ஓடியிருக்கும். ஒரு நாள் குசினியில் நிலத்தில் விழுந்த உருளைக்கிழங்கு ஒன்றை எடுக்கக் குனிந்தேன். குனிந்தது குனிந்ததுதான், நிமிர முடியவில்லை. இடுப்புக்குப் பின்னால் நாரி பிடித்துவிட்டது. ஆளுயரக் கண்ணாடியை அலுங்காமல் தூக்கிய மனிசன் ஒரு கிழங்குக்குத் தோற்றுப்போனேன். குடும்ப வைத்தியர் நாரியை அமுக்கிப் பார்த்துவிட்டு, தூக்கக் கூடாது, குனியக் கூடாது, நிற்கலாம், மெல்ல நடக்கலாம், படுத்தே கிடப்பதுதான் எல்லாவற்றிலும் கூடாது என்று எழுதித் தந்தார். வேலையிடத்துக்கு அறிவித்து நோய் விடுப்பு எடுத்தேன். அதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

அந்த விடுப்புக்குள்தான் நாட்டின் மறு அந்தத்தில், இஷொய்யில் இருக்கும் என் தங்கச்சி மகளின் சாமத்திய வீடு வந்து விழுந்தது.

பெண் பிள்ளை பெரியவளானதை ஊரைக் கூட்டிச் சொல்லுகிற எங்கள் வழக்கம் டென்மார்க்கின் குளிரில் கொஞ்சம் மெலியும் என்று நான் நினைத்திருந்தேன். மெலியவில்லை, கொழுத்துவிட்டது. மண்டபம், மேடை, மேடையில் புகை, புகைக்குள்ளிருந்து பிள்ளை, அதைச் சுற்றிப் பறக்கிற ட்ரோன் கமரா. நல்லவேளை பிள்ளைகள் எங்களை விடக் கெட்டிக்காரர். மருமகள் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் இது எங்களுடைய கொன்பிர்மேஷன் என்று சொல்லிவிட்டாள். டெனிஷ் பிள்ளைகளும் அந்த வயதில் தேவாலயத்துக்குப் போய்ச் சடங்கு முடித்து, புது உடுப்புப் போட்டு, பரிசு வாங்கி, வசதியுள்ளவர்கள் குதிரை வண்டியிலும் வந்து இறங்குகிறவர்கள்தானே. அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எதற்காக விழா என்ற ஒரேயொரு கேள்வியை மட்டும் அவள் நாசூக்காகத் தாண்டிப் போயிருந்தாள்.

இந்த விழாவில் தாய்மாமன் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது. பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைக்க மாமன், தண்ணீர் வார்க்க மாமன், தேங்காய் உடைக்க மாமன். எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தது நானும் அவளும் மட்டும். அவளுடைய புருசனுக்கோ அண்ணன் தம்பிமார் நாலு பேர், நாலு பேரும் இஷொய்யைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். வாட்டசாட்டமான ஆட்கள். அவள் ஆறு மாதத்துக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டாள், பிள்ளையைப் பல்லக்கில் வைத்து மேடைக்குக் கொண்டுவரப் போகிறோம், முன் கொம்பில் வலது பக்கம் நீங்கள் என்று. நாலு பேர் தோளில் போகிற பயணம் வேறொன்று, அதற்கு இன்னும் வயது கிடக்கிறது என்று சொல்ல வந்து, அந்த ஒருமுறை மட்டும் வாயை அடக்கிக்கொண்டேன்.

நாரி பிடித்ததும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். என்னால் தூக்க ஏலாது, பாலறுகு மட்டும் வைக்கிறேன் என்றேன்.  அவள், "நீங்கள் வாங்கோ அண்ணை, மற்றதை நான் பாக்கிறன்" என்றாள். அவ்வளவுதான்.

மனைவி கார் ஓட்ட, பக்கத்து ஆசனத்தை முடிந்தமட்டும் சரித்துக்கொண்டு, வழியில் கண்ட தரிப்பிடத்திலெல்லாம் இறங்கி நடந்து, பெரிய பாலத்தையும் தாண்டி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பட்டு வேட்டிக்கு அடியில் வைத்தியர் தந்த அகலமான நாரிப் பட்டி. வரவேற்பில் நின்ற மச்சான்மார் எல்லோரும் நாரி எப்படி என்று கேட்டார்கள். அவர்கள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றுமில்லை, சுகம் என்றேன்.

பின் அறையில் பல்லக்கு நின்றது. நாலு மூலையிலும் மயில், மேலே கூரை, நிலம் தொடும்வரை சிவப்புப் பட்டு. வாடகைக்குக் கொண்டுவந்தவர் எங்கள் ஆள்தான். கதிரை, மேடை, பல்லக்கு, ஊஞ்சல் என்று லொறியில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுவதும் ஓடுகிற மனிசன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பட்டுத் துணியை இலேசாகத் தூக்கிக் காட்டினார். உள்ளே உருளுகிற நாலு சில்லு. ஆசுபத்திரிக் கட்டிலில் இருக்குமே, அந்தச் சில்லு. "பிரேக்கும் இருக்கு, அண்ணை" என்றார் பெருமையாக. நாலு பேரும் கொம்பைத் தோளில் தொட்டுக்கொண்டு நடந்தால் போதும், அது தானாக வரும். ஆனால் விசயம் வெளியே போகக் கூடாது.

நான் சிரித்தேன். சிரித்தால் நாரி நொந்தது, நொந்ததால் இன்னும் சிரிப்பு வந்தது. லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த சொந்தக்காரருக்குப் பவுசு காட்டத்தான் என் தங்கச்சி இப்படிச் செய்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவளே வந்துவிட்டாள். முகத்தில் ஒரு சொட்டுச் சிரிப்பும் இல்லை. "சிரிக்காதேங்கோ. தோளை மட்டும் வையுங்கோ, காணும்" என்றாள்.

வைத்தேன். மேளகாரருக்கு உரத்து அடிக்கச் சொல்லியிருந்தார்கள், சில்லு கீச்சிடுகிற சத்தத்தை மறைக்க. நாரிப் பட்டி என்னைக் குனியவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அதனால் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். மாமன் ராசா மாதிரி வாறார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. உள்ளுக்குள் எனக்கும் பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

படப்பிடிப்பாளர் கெட்டிக்காரர். இரண்டு கிழமையில் வீடியோவைச் சுருக்கி இணையத்தில் ஏற்றிவிட்டார். எங்கள் தொழிற்சாலையில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். வயதில் மூத்தவர், ஈ எறும்புக்கும் தீங்கு நினையாத மனிசன். எங்கள் பண்பாட்டின் மகிமையை வெள்ளைக்காரருக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. கோப்பி நேரத்தில் தன் தொலைபேசியை மேசையில் நிறுத்தி எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். பாருங்கள், எங்கள் ஆள், எப்படித் தூக்குகிறார் பாருங்கள். எல்லோரும் பாராட்டினார்களாம். எங்கள் பகுதித் தலைவனும் பாராட்டினானாம். வீடியோவின் தொடக்கத்தில் விழா நடந்த நாளைத் தங்க எழுத்தில், மின்னல் தெறிக்கத் தெறிக்கப் போட்டிருந்தார்கள். பகுதித் தலைவன் அதையும் வாசித்திருக்கிறான்.

விடுப்பில் இருந்தவனைக் கூப்பிட்டார்கள். பகுதித் தலைவனும் அலுவலகப் பெண்ணும் இருந்தார்கள். கணினியில் வீடியோவை ஓடவிட்டார்கள். நான் வேகம் குறைத்த காட்சியில் வருகிறேன். நெற்றியில் சந்தனம், தோளில் கொம்பு, நின்று நின்று நாரி நொந்ததில் கோணிப்போன முகம். அந்த முகத்தை நன்றாகக் கிட்டக் கொண்டுவந்து, பின்னணியில் ஒரு சிங்கத்தை உறுமவிட்டிருந்தார் படப்பிடிப்பாளர். யார் பார்த்தாலும் இவன் ஒரு வீட்டைத் தூக்குகிறான் என்றுதான் சொல்வார்கள்.

சனிக்கிழமை ஒரு இளவரசியைத் தூக்கத் தெரிந்தவனுக்குத் திங்கட்கிழமை ஒரு ஜன்னலைத் தூக்க முடியாதா என்று கேட்டான் பகுதித் தலைவன். இந்த இடத்தில் ஒரு புத்திசாலி வைத்தியரின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்திருப்பான். நான் சிங்கத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அந்தப் பல்லக்குக்குச் சில்லு இருக்கிறது என்றேன். அவர்கள் திரும்பவும் ஓட்டிப் பார்த்தார்கள். நிலம்வரை பட்டு. சில்லைக் காணோம். பொய் சொல்லி விடுப்பு எடுத்ததும் அல்லாமல் முகத்துக்கு நேரே பொய் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறான் என்று அவர்கள் நினைத்ததில் பிழையில்லை. அன்றைக்கே, அந்த இடத்திலேயே வேலையை விட்டு நீக்கினார்கள். காரணம், பாரதூரமான ஒழுங்கீனம்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆ-காஸவும் என்னை உதைத்தது. வேலையின்மை நீயே தேடிக்கொண்டது, ஒரு வருடத்துக்குள் இரண்டாவது தடவை, ஆகவே படி இல்லை. மூன்று கிழமைக்கு அல்ல, முற்றாக. மனைவி பாடசாலைக் குசினியில் அரை நேர வேலை செய்கிறாள். வீட்டுக் கடன் முழு நேர வேலை செய்கிறது. நாரி பிடித்தவனுக்கு யார் உடனே வேலை கொடுப்பான்? எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். வீட்டில் இருந்த கதவுகளையெல்லாம் அடித்துச் சாத்திக்கொண்டு திரிந்தேன். கிரின்ஸ்டெட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இது முதல் தடவையாக இருந்திருக்கும் என்று மனைவி ஒரேயொருமுறை சொன்னாள். ஒருமுறைதான் என்றாலும் அது போதுமாக இருந்தது.

மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். தொழிற்சங்கத்தில் எனக்கு உதவ ஒரு பெண்மணியைத் தந்தார்கள். மேற்கு யூலண்ட் ஆள், ஓய்வு பெறும் வயது, நாளுக்கு இத்தனை சொல்தான் என்று அளந்து பேசுகிறவர். நான் பல்லக்குக் கதையை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் பேரன் கொன்பிர்மேஷனுக்குத் தீயணைப்பு வண்டியில் வந்து இறங்கினான் என்றார். பிறகு விசயத்துக்கு வந்தார். வைத்தியர் நிற்கலாம், நடக்கலாம் என்று எழுதியிருக்கிறார். நீ நின்று நடந்தது மட்டும்தான் என்றால் குற்றம் உன்னுடையது அல்ல, படி வரும். தூக்கியிருந்தால் குற்றம் உன்னுடையது. ஆகவே சில்லைக் கொண்டுவா.

இப்படியாக என் பிழைப்பு நாலு சில்லில் வந்து நின்றது.

பல்லக்குக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். சில்லு இருக்கிறது என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றேன். அவர் கிட்டத்தட்ட அழுதார். "அண்ணை, பரிஸ், லண்டன், சூரிச் எல்லாம் இந்தப் பல்லக்குத்தான் ஓடுது. சில்லெண்டு தெரிஞ்சா ஆர் எடுப்பினம்?" என்று கேட்டார். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பல்லக்கு லொறிக்குள் இருக்கிறது, லொறி ஜெர்மனியில் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு என் அழைப்பு வந்தாலே அவருக்குக் கை ஈரமாகிவிடும் போலும், எடுப்பதேயில்லை.

மிச்சம் இருந்தது தங்கச்சி. சுருக்காத முழு வீடியோ அவளிடம்தான் இருந்தது. அதில் எங்கேயாவது சில்லு தெரியும் என்று நம்பினேன். கேட்டேன். அவள் தர மாட்டேன் என்றாள். வேலை போனதுக்கு மனதார வருந்தினாள், கடன் கட்டக் காசு அனுப்பட்டுமா என்று கேட்டாள். வீடியோ மட்டும் முடியாது. "இவரின்ர வீட்டு ஆக்களுக்குத் தெரிஞ்சால் என்ன சொல்லுவினம் எண்டு யோசிச்சனீங்களோ?" என்றாள்.

எனக்குத் தலைக்கு மேலே ஏறிவிட்டது. அன்றைக்கு நான் சொன்னதையெல்லாம் எழுதினால் தாள் கறுத்துவிடும். "உன்ர எடுப்புக்கு என்ர சோத்திலை மண்ணைப் போட்டிட்டாய்" என்றதுதான் அதில் கடைசி. பல்லக்கு மயிலையும் இழுத்தேன், சிங்கத்தையும் இழுத்தேன், லண்டன்காரரையும் இழுத்தேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

மேன்முறையீட்டை வைத்தியரின் கடிதத்தோடும் என் வாய்மொழியோடும் மட்டும் அனுப்பினோம். என் வாய்மொழிக்கு அந்த ஊரில் என்ன மதிப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் தொழிற்சங்கப் பெண்மணி விடவில்லை. ஆளை நேரில் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று, ஆ-காஸ அலுவலகத்தில் ஒரு சந்திப்பு வாங்கினார்.

போனோம். சின்ன அறை, மேசையில் தண்ணீர்க் கூசா, சுவரில் திரை. முடிவெடுக்கிறவன் என் மகன் வயதுப் பொடியன், நல்ல மரியாதையானவன். மரியாதையாக வீடியோவை ஓடவிட்டான். சிங்கம் உறுமியது. என் கோணல் முகம் சுவர் முழுவதும் பரவி நின்றது. தூக்கவில்லை என்கிறீர்கள், ஆனால் பார்த்தால் தூக்குவது போலத்தானே இருக்கிறது என்றான். நான் வாயைத் திறந்தேன். தொழிற்சங்கப் பெண்மணி மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். மூடிக்கொண்டேன்.

அப்போது வரவேற்பில் இருந்த பெண் கதவைத் திறந்து, இன்னொருவர் வந்திருக்கிறார் என்றாள். பின்னால் என் தங்கச்சி. இஷொய்யிலிருந்து விடியக் கிளம்பி ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருக்கிறாள். நேரத்தையும் இடத்தையும் சொன்னது என் மனைவி, எனக்குத் தெரியாமல். தங்கச்சி என்னைப் பார்க்கவேயில்லை. கைப்பையிலிருந்து முழு வீடியோ இருந்த பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தாள். இதைப் போடுங்கள், சத்தத்தைக் கூட்டுங்கள் என்றாள்.

பாட்டும் சிங்கமும் இல்லாத வீடியோ. மேளம் கேட்டது. மேளகாரர் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்திய இடத்தில், கீச் கீச் என்று ஒரு சத்தம். பொடியன் காதைக் கிட்டக் கொண்டுபோனான். தங்கச்சி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். அவளுடைய டெனிஷ் புத்தகத்தில் படித்ததல்ல, படுக்கையில் கிடக்கும் கிழவர்களோடு பேசிப் பேசி வந்தது. உரத்த, தெளிவான, சமாளிப்பில்லாத டெனிஷ். "இது கட்டில் சில்லு. நான் தினமும் தள்ளுகிறேன். எண்ணெய் போடாவிட்டால் இப்படித்தான் கத்தும்" என்றாள். பிறகு பல்லக்கு, நிலத்தில் ஓடிய மின்கம்பியை மூடியிருந்த தகட்டின் மேலே ஏறி இறங்குகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பட்டு ஒரு விரல் உயர்ந்தது. கீழே கறுப்பாக ஒரு சில்லு.

பொடியன் அதை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். அது தானாக ஓடுமென்றால், நாரி பிடித்த மனிதனைக் கூப்பிட்டு அதன் கீழே ஏன் நிறுத்தினீர்கள்?

அவள் சொன்னாள். முதலில் பேசி வைத்தது சில்லுப் பல்லக்கு அல்ல. ஜெர்மனியிலிருந்து உண்மையாகவே தூக்குகிற பல்லக்கு. பணமும் கட்டியாகிவிட்டது. எனக்கு நாரி பிடித்த செய்தி வந்ததும் புருசனின் தம்பிமார், மாமனுக்குத்தான் ஏலாதே, நாங்கள் ஒருவர் அந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். தன் அண்ணன் நிற்காவிட்டால் பல்லக்கே வேண்டாம் என்று அவள் சொன்னாள். முதல் பல்லக்கை விட்டுவிட்டுச் சில்லு வைத்ததை எடுத்தாள். அண்ணனுக்கு ஏலாது என்று அந்தப் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகச் சில்லை மறைக்கச் சொன்னதும் அவள்தான். கேட்டபோது வீடியோவைத் தராமல் விட்டதும் அதற்காகத்தான்.

"ஆனால் அவர் ஏன் நிற்க வேண்டும்?" என்று பொடியன் மறுபடியும் கேட்டான். அவனுக்கு விளங்கவில்லை, அவன் மேல் குற்றமில்லை.

"அவர்தான் எனக்கு இருக்கிற ஒரே ஆள்" என்றாள்.

பொடியன் அதைத் தட்டி எழுதினான். நான் தண்ணீர்க் கூசாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பவுசுக்காக நான் பட்டினி கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் மானத்துக்காக அவள் என்னிடமே ஏச்சு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. நல்ல கிண்டல் ஒன்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

வெளியே வந்ததும் காரில் ரயிலடிக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். நீங்கள் கார் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்துவிட்டாள். பின்னேரக் கடமைக்குப் போக வேண்டுமாம்.

மறுநாள் அவளே மச்சான்மாரைக் கூட்டி வைத்துச் சில்லுக் கதையைச் சொல்லியிருக்கிறாள். மூத்தவர் தேநீரை ஊதிக்கொண்டே, எங்களுக்கு அன்றைக்கே தெரியும், கீச்சென்று கேட்டதுதானே என்றாராம். மற்ற மூவரும் தலையாட்டினார்களாம். தோளில் கொம்பு வைத்துக்கொண்டு கூட நடந்தவர்களில் இரண்டு பேர் அவர்கள்தான், தெரியாமல் எப்படி இருக்கும்? என்னை இப்போது இஷொய்யில் சில்லு மாமா என்கிறார்கள். பல்லக்குக்காரருக்கும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. கதை பரவியதும் அவருக்கு அழைப்புக் கூடிவிட்டது, அந்தச் சில்லு வைத்ததுதான் வேண்டும் என்று. ஐரோப்பாவில் நாரி நோகாத தமிழ் மாமன் எங்கே இருக்கிறான்?

சில கிழமைகளில் முடிவு வந்தது. எண்ணியல் தபாலில் வந்த நீண்ட டெனிஷ் கடிதம், சட்ட இலக்கங்கள் நிறைய. மனைவியும் நானும் குசினி மேசையில் வைத்து வாசித்தோம். முந்தைய முடிவு மாற்றப்படுகிறது. வேலையின்மை இவர் தானாகத் தேடிக்கொண்டதல்ல. முதல் நாளிலிருந்து படி வழங்கப்படும். அதற்குக் கீழே காரணம் எழுதியிருந்தார்கள். இவர் எதையும் தூக்கவில்லை. சகோதரியின் விளக்கத்தின்படி இவருடைய பணி அங்கே இருப்பது மட்டுமே. சகோதரிக்கு இருப்பவர் இவர் ஒருவரே.

மனைவி அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். தொலைபேசியை எடுத்து என் கையில் தந்துவிட்டு, தேநீர் போடப் போவது போல எழும்பிப் போனாள்.

தங்கச்சி வேலையில் இருந்தாள். பின்னால் யாரோ ஒரு கிழவர் இருமுவது கேட்டது. வென்றுவிட்டோம் என்று சொன்னேன். நல்லது என்றாள்.  கிழவர் இருமி முடித்தார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் ஒருவரும் பாவித்ததில்லை. அதை எந்தப் பக்கத்தால் தொடங்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"நாரி எப்பிடி அண்ணை?" என்று கேட்டாள்.

அன்றைக்கு மண்டபத்தில் கேட்ட எல்லோருக்கும் சுகம் என்று சொன்னவன் நான். அங்கே அவளுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

"நோகுது, பிள்ளை" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அண்டைக்கு நீங்கள் நடந்து வரேக்கையே தெரியும்."